நனைந்த ஹாம்ஸ்டரும் கடைக்காரரின் ஷாம்பும்

கேள்வி: மகளுக்கு ட்வார்ஃப் ஹாம்ஸ்டர் (எலி போன்ற குட்டிச் செல்லப்பிராணி) ஒன்று வாங்கிக் கொடுத்தோம். போன வாரம் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து முழுக்க நனைந்துவிட்டது. உடனே பார்த்ததால் பிழைத்தது. இனி கிண்ணமே வேண்டாம், வெள்ளரிக்காய் போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். நாற்றம் வராமல் இருக்க வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டவும் சொல்கிறார். செய்யலாமா? - ஒரு வாசகி, மதுரை

பதில்: இரண்டுமே கூடாது. குடிக்கத் தண்ணீர் இரவு பகல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். குளியல் ஒருநாளும் வேண்டாம்.

கிண்ணத்தைத் தூக்கிப் போடாதீர்கள், மாற்றுங்கள். ஊறுகாய் வைக்கும் சிறிய பீங்கான் கிண்ணம் போலக் கனமாக, கவிழாததாக இருக்கட்டும். அதில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நாற்பது கிராம் எடையுள்ள பிராணி ஒரு நாளில் குடிப்பதே ஒரு டீஸ்பூன் அளவுதான். கூடவே, நக்கினால் சொட்டும்படி முனையில் சிறு உலோகக் குண்டு வைத்த தண்ணீர் பாட்டிலையும் மாட்டுங்கள். ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள், அந்தக் குண்டு அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பாட்டில் நிறைய இருக்கிறதே என்று சந்தோஷப்படவும் வேண்டாம். அடைத்துக்கொண்டால் நிறையத்தான் இருக்கும். தினமும் முனையை விரலால் தொட்டு, சொட்டு வருகிறதா என்று பாருங்கள். கீழே மரத்தூள் ஈரமாக இருந்தால் பாட்டில் ஒழுகுகிறது என்று அர்த்தம். வெள்ளரிக்காய் நகத்தளவு கொடுக்கலாம். தண்ணீருக்குப் பதிலாக அதையே கொடுத்தால் வயிற்றுப்போக்குதான் வரும்.

அப்புறம், தண்ணீரில் கலக்க விட்டமின் சொட்டு என்று ஒன்று விற்பார்கள். வாங்காதீர்கள். சுவை மாறினால் ஹாம்ஸ்டர் தண்ணீரையே தொடாமல் விட்டுவிடும். இனிப்பு சேர்த்ததாக இருந்தால் இன்னும் மோசம். ட்வார்ஃப் வகைகளில் சிலவற்றுக்குச் சர்க்கரை நோய் எளிதில் வரும். திடீரென்று தண்ணீர் அதிகமாகக் குடித்தாலே அதைச் சந்தேகிக்க வேண்டும்.

இனி ஷாம்பு. இந்தப் பிராணி சைபீரியா, கஜகஸ்தான், மங்கோலியா பக்கத்து வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்தது. அங்கே யாரும் அதைக் குளிப்பாட்டவில்லை. உடம்பை அதுவே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். ரோமம் சூட்டைப் பிடித்து வைக்க அதில் உள்ள எண்ணெய்ப் பசை உதவுகிறது. ஷாம்பு அதைக் கழுவிவிடும். மதுரை வெயிலில் என்ன குளிர் என்று கேட்பீர்கள். ஈரத் தலையோடு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். உங்கள் உடம்பு தாங்கும். முப்பது, நாற்பது கிராம் உடம்பு சில நிமிடங்களிலேயே சூட்டை இழந்துவிடும்.

நாற்றம் ஹாம்ஸ்டரிடமிருந்து வருவதில்லை, கூண்டிலிருந்து வருகிறது. ஷூ பெட்டி அளவுக் கூண்டை விற்றதும் அதே கடைதானே? பெரிய பெட்டிக்கு மாற்றி, சிறுநீர் கழிக்கும் மூலையில் மட்டும் தூளை அடிக்கடி மாற்றினால் சரியாகிவிடும். வயிற்றின் நடுவே மஞ்சளாக, பிசுபிசுப்பாக ஓர் இடம் தெரிந்தால் அழுக்கென்று தேய்க்காதீர்கள். அது வாசனைச் சுரப்பி.

குளியலுக்குப் பதில் ஒரு தட்டில் மணல் வையுங்கள், புரண்டு எழும். இங்கும் ஒரு பொறி இருக்கிறது. மணம் சேர்த்த 'பாத் பவுடர்' வாங்கி வந்துவிடாதீர்கள், அந்த மாவு நுரையீரலுக்கும் கண்ணுக்கும் கெடுதல். வீடு கட்ட வந்த எம்-சாண்டும் ஆகாது. உடைத்த கல், கூர்மையானது. ஆற்று மணலைக் கழுவிச் சலித்து, வாணலியில் வறுத்து, நன்றாக ஆறவிட்டுப் போட்டால் போதும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கொசுவிரட்டித் திரவம், தரை துடைக்கும் மருந்து, பெயிண்ட் மாதிரி ஏதாவது ரோமத்தில் பட்டுவிட்டால் விட்டுவைக்கக் கூடாது, நக்கி விழுங்கிவிடும். அப்போதும் முழுக்க நனைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, பட்ட இடத்தை மட்டும் பலமுறை துடையுங்கள். ஒவ்வொரு தடவையும் பஞ்சு புதிது. முகத்தருகே தண்ணீர் சொட்டக் கூடாது. எண்ணெய்ப் பொருளாக இருந்து பஞ்சுக்கு வராவிட்டால், மண்ணெண்ணெய், தின்னர் என்று எதையும் போடாமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். பின்புறம் வயிற்றுப்போக்கால் ஈரமாகியிருந்தாலும் இதே பஞ்சுதான். ஆனால் துடைத்ததோடு நிற்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இவ்வளவு சிறிய உடம்பில் நீர்வற்றினால் நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கு நேரமிருக்காது.

மறுபடி நனைந்துவிட்டால் ஃபேனை நிறுத்துங்கள். பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, உலர்ந்த துணியோடு கைகளுக்குள் வைத்திருங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். துவண்டு, சில்லென்று கிடந்தால் செத்துவிட்டதென்று முடிவுகட்டாதீர்கள். குளிர்ந்துபோனால் அப்படித்தான் கிடக்கும். மெல்லச் சூடேற்றுங்கள். தெளிய வேண்டுமே என்று வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். வெயில் காலத்திலும் மேலே தண்ணீர் தெளிக்க வேண்டாம். உறைய வைத்த பாட்டிலைத் துணி சுற்றிக் கூண்டுக்கு வெளியே ஒட்டி வைத்தால் போதும்.

கடைக்காரர் பேச்சை நம்பியது உங்கள் குற்றமில்லை. 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த செல்லப்பிராணிக் கடை விதிகளில் நாய், பூனையோடு ஹாம்ஸ்டரின் பெயரும் இருக்கிறது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதியாமல் விற்கவே கூடாது. காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் போட்டு, காற்றோட்டம் இல்லாத டப்பாவில் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறவரிடம் போய் யார் சான்றிதழ் கேட்பது? நீங்களாவது கேளுங்கள். பதிவெண் காட்டாத இடத்தில் பிராணியும் வாங்காதீர்கள், யோசனையும் வாங்காதீர்கள்.

மாடும் நாயும் மட்டும் பார்க்கும் மருத்துவமனைகள்தான் நம் ஊரில் அதிகம். ஹாம்ஸ்டர் பார்ப்பீர்களா என்று இப்போதே போன் செய்து கேட்டு, பார்க்கிறவரின் எண்ணைக் கூண்டின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.