காலி இடத்துல குழந்தைங்களுக்கு கலர்ஃபுல்லா சைக்கிள் பம்ப் டிராக் போடணும், எந்த பெயிண்ட் நல்லது?

பம்ப் டிராக்னா பெடல் மிதிக்காம உடம்ப உந்தியே ஓட்டற, மேடு பள்ளமா இருக்கற சின்ன சைக்கிள் பாதை, தெரியாதவங்களுக்காக சொல்றேன். நீங்க பெயிண்ட்ட கேக்கறீங்க, அப்ப இன்னும் ஒரு லோடு மண்ணு கூட இறங்கலன்னு நினைக்கறேன். நானும் அப்படித்தான். வெளிநாட்டு வீடியோல சிவப்பு மஞ்சள் நீலம்னு அடிச்சு வச்சிருக்கறத பாத்துட்டு, இடம் கூட முடிவாகறதுக்கு முன்னாடி டிராக்க சுத்தி நடறதுக்குன்னு பஞ்சர் கடை பஞ்சர் கடையா ஏறி பழைய டயர் 40 சேத்தவன். அந்த டயர் தான் அப்புறம் என் மானத்த வாங்குச்சு, அதான் இவ்வளவு நீளமா எழுதறேன். நான் இன்ஜினியர் இல்ல, திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனில கணக்கு பாக்கறவன். "இது முறைப்படி டிசைன் பண்ணல"ன்னு யாராவது கமெண்ட்ல வந்தா, ஆமாங்க, பண்ணல.

உங்க இடம் லேஅவுட்ல பார்க்குன்னு விட்ட இடமா இருந்தா ஒண்ணு சொல்லிடறேன். 10,000 சதுர மீட்டருக்கு மேல போற லேஅவுட்டுல ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் திறந்தவெளியா விட்டு, உள்ளாட்சிக்கு தானப்பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பாங்க. அது அசோசியேஷன் சொத்து இல்ல. எழுத்துல அனுமதி வாங்காம கடப்பாரைய தொடாதீங்க.

எங்களுக்கு இருந்தது 60க்கு 30 அடி. சின்னப் பசங்களுக்கு அது போதும். மேடு 1 அடி உயரம், ஒரு மேட்டு உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு 10 அடி, ரெண்டு கோடியிலயும் திரும்பறதுக்கு சாஞ்ச சுவர் மாதிரி 3 அடி மண்ணு. இதுல பெடல் மிதிக்கவே வேண்டாம், ஊஞ்சல்ல நின்னுக்கிட்டு உந்துவோம்ல அதே கதை தான், மேடு ஏறும்போது உடம்ப மடக்கி, இறங்கும்போது கால ஊனி அழுத்தினா வண்டி தானா வேகம் எடுக்கும். கொத்தனார் கிட்ட இதெல்லாம் அரை மணி நேரம் விளக்கினேன். கடைசில "ஸ்பீட் பிரேக்கர் வரிசையா வேணும், அவ்வளவு தானுங்க?"ன்னாரு.

முதல் தடவை நான் பண்ண தப்பு, மண்ணு வாங்க காசு மிச்சம் பண்றதா நினைச்சு, பள்ளம் தோண்டி அந்த மண்ணையே மேடா போட்டது. வீடியோல அப்படித்தான் பண்றாங்க, ஆனா அவங்க சரிவான இடத்துல பண்றாங்க, எங்களுது தட்டையான இடம், புரட்டாசி கடைசில முடிச்சோம், ஐப்பசி மழை அடிச்சதும் ஒவ்வொரு பள்ளமும் ஒரு குட்டை. சுத்தி அழகா நட்டு வச்ச கலர் டயர் 40லயும் உள்வளையத்துல தண்ணி. டெங்கு பரப்பற ஏடிஸ் கொசுவுக்கு சாக்கடை வேண்டாம், இந்த மாதிரி தெளிஞ்ச மழைத்தண்ணி ஒரு கை அளவு இருந்தா போதும், பத்து நாள்ல புழு கொசுவாகிடும். கொசு ஒழிப்புக்கு வர்ற அக்கா ஒருத்தர் கரண்டில தண்ணிய மொண்டு என் முகத்துக்கு நேரா காட்டி, "படிச்சவர் தானே சார் நீங்க?"ன்னாங்க. தெருவே பாத்துச்சு.

அதுக்கு மேல பெயிண்ட். டயருக்கு எனாமல் அடிச்சிருந்தேன். ரப்பர்ல அது ஒழுங்கா காயவே இல்ல, பிசுபிசுன்னு நின்னுச்சு, உக்காந்த பசங்க டவுசர் எல்லாம் நீலம். வெள்ளை அடிச்சது ரெண்டு மாசத்துல டீ கறை மாதிரி ஆயிடுச்சு.

எதிர் வீட்டு அங்கிள் ஒருத்தர் இதான் சாக்குன்னு "பசங்க விளையாட்டுக்கு இவ்வளவு எதுக்கு, இடிச்சுடுங்க"ன்னு குரூப்ல போட்டாரு. 2019லிருந்து யூசிஐ, அதான் சைக்கிள் பந்தயத்துக்கான உலக அமைப்பு, பம்ப் டிராக்குக்கு உலக சாம்பியன்ஷிப்பே நடத்துதுன்னு நான் போட்டேன். பதில் இல்ல, மறுநாள் குட்மார்னிங் ரோஜாப்பூ வந்துச்சு. இதே அங்கிள் தான் தன் வீட்டு கேட்டுக்கு முன்னாடி பொது ரோட்டுல சொந்த செலவுல சிமெண்ட் திட்டு ஒண்ணு போட்டு வச்சிருக்காரு. இந்திய சாலை காங்கிரஸ்னு (கட்சி இல்லங்க, ரோட்டுக்கு அளவு வகுக்கற அமைப்பு) ஒண்ணு இருக்கு, அவங்க வழிகாட்டுதல்ல வேகத்தடைக்கு வழக்கமா சொல்ற அளவு என்ன தெரியுமா, 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். இவரோடது அகலம் ஒரு முழம், உயரம் ஒரு செங்கல், பட்டை பெயிண்ட் கிடையாது, போர்டு கிடையாது. என் வீட்டுக்காரம்மா ஸ்கூட்டியோட அதுல விழுந்து ஒரு மாசம் கைய தூக்க முடியல. அது "பாதுகாப்பு", குழந்தைங்க மேடு "ஆபத்து". சரி விடுங்க, கேட்டது இது இல்ல.

ரெண்டாவது தடவை தை மாசம் ஆரம்பிச்சோம். தோண்டல, ஏத்தினோம். பில்லோட கிராவல் மண்ணு 6 டிப்பர், லோடுக்கு 3 யூனிட் (ஒரு யூனிட்னா 100 கன அடி). தரைய முதல்ல அரை அடி உசத்தி ஒரு பக்கமா வாட்டம் கொடுத்து, பள்ளத்துல எல்லாம் பக்கவாட்டுல தண்ணி வெளிய ஓட வழி விட்டோம். அரை அடி அரை அடியா போட்டு, தண்ணி தெளிச்சு, திமிசுக் கட்டையால அடிச்சு, மேல் 2 இன்ச்சுக்கு மட்டும் கிராவல்ல சிமெண்ட் கலந்து, சணல் சாக்கு போட்டு ஒரு வாரம் நனைச்சோம். ஜேசிபி வாடகை, கூலி எல்லாம் சேத்து 82,000 ஆச்சு, உங்க ஊர்ல கூடும் குறையும், அதுக்கு என்ன திட்டாதீங்க. ஒரு ஐப்பசி தாண்டிடுச்சு, குட்டை இல்ல. அந்த அக்கா கரண்டியோட மறுபடி வந்தாங்க, சுத்திப் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லாம போனாங்க. எனக்கு அது போதும்.

இப்ப உங்க கேள்விக்கு. டயர பாதிக்கு மேல புதைச்சு, உள்ள மண்ண நிரப்பி நல்லா குத்திடுங்க, தண்ணி நிக்க இடமே இருக்கக் கூடாது. அப்புறம் சோப்பு போட்டுக் கழுவி, காய வச்சு, வெளிச்சுவருக்கு அடிக்கற எமல்ஷன் ரெண்டு கோட். ஓட்டற பாதைல கலரே வேண்டாம், நனைஞ்சா வழுக்கும், கட்டாயம் வேணும்னா பெயிண்ட்டுல மெல்லிய மணல் கலந்து அடிங்க. போற திசைக்கு பெருசா ஒரு மஞ்சள் அம்புக்குறி மட்டும் போடுங்க, எதிர் எதிரா வந்து மோதாம இருக்கும். ஹெல்மெட் கட்டாயம், இதுல எங்கிட்ட வாதம் பண்ண வராதீங்க.

அப்புறம் சைடு வீல். அதோட மேட்டுல ஏறினா சைடு வீல் ரெண்டும் தரைல ஊனிக்கிட்டு, பின் சக்கரம் அந்தரத்துல சும்மா சுத்தும், குழந்தை பள்ளத்துல நின்னு அழும். திறக்கற அன்னிக்கு 15ஆம் நம்பர் ஸ்பானர் ஒண்ண பாக்கெட்ல வச்சுக்கோங்க. நான் ஒரே சாயந்தரம் 11 சைக்கிளுக்கு கழட்டினேன்.