பச்சையாகத் தெரிவது புரதமா, மஞ்சளா?

எங்க ஊர் மஞ்சள்ல எடுத்த குர்குமினைப் புற்றுநோய் செல்லுக்குக் கொடுத்துட்டு, எஃப்.ஐ.டி.சி.ங்கற பச்சையா ஒளிருற சாயம் ஏத்துன மோனோகுளோனல் ஆன்டிபாடியில ஒரு புரதத்தைப் பார்க்கிறேனுங்க மேடம். குர்குமின் கூடக்கூட பச்சையும் கூடுது. புரதம் கூடுதுன்னு எழுதிடலாமுங்களா?
– ஆய்வு மாணவி, ஈரோடு

தயவுசெய்து இப்போதைக்கு எழுதாதீர்கள். குர்குமின் தானே ஒளிரும். 425 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை உறிஞ்சிப் பச்சையாக உமிழும். எஃப்.ஐ.டி.சி. 495-ல் உறிஞ்சி 519-ல் உமிழும். இரண்டு பச்சையும் மைக்ரோஸ்கோப்பில் ஒரே ஃபில்டர் வழியாகத்தான் வருகின்றன. குர்குமின் கொழுப்பில் கரைவது. செல் சவ்வுகளில் ஏறிக்கொண்டால் கழுவினாலும் முழுதாகப் போகாது.

நாளைக்கே செல் வளர்க்கும் தட்டின் ஒரு குழியில் குர்குமின் மட்டும் கொடுங்கள், ஆன்டிபாடி வேண்டாம். மற்ற குழிகளைப் போலவே செல்லை நிலைப்படுத்தி (ஃபிக்ஸ் செய்து), கழுவி, அதே எக்ஸ்போஷரில் படம் எடுங்கள். அங்கும் பச்சை தெரிந்தால் அது மஞ்சளின் பச்சை. ஐசோடைப் கன்ட்ரோலையும் (அதே வகை, ஆனால் இந்தப் புரதத்தைப் பிடிக்காத ஆன்டிபாடி) குர்குமின் கொடுத்த செல்லில்தான் போட வேண்டும். வெறும் செல்லில் போட்டால் இந்தக் கோளாறு கண்ணில் படாது.

சாயத்தை அலெக்ஸா ஃப்ளூர் 647-க்கு மாற்றுவதே நல்ல வழி. 650-ல் உறிஞ்சி 668-ல் உமிழ்வதால் குர்குமின் குறுக்கே வராது. அந்த அடர்சிவப்பு கண்ணுக்குச் சரியாகப் புலப்படாது, கேமரா வேண்டும். கூடவே புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டும் ஒன்று ஓட்டிப் பாருங்கள். மஞ்சளை நம்பி ஆய்வு செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். அந்த ஒரு குழியை யாரும் விட்டுவிடக் கூடாது என்பது என் ஆதங்கம்.

பி.இ. சாயம் உள்ள ஆன்டிபாடியை யாரோ மைனஸ் 20 ஃப்ரீசர்ல வெச்சுட்டாங்க. உருக்கிப் பயன்படுத்தலாமா?
– லேப் டெக்னீஷியன், கோவை

பி.இ. (ஃபைகோஎரித்ரின்) என்பது சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் பெரிய புரதம். உறைந்தால் குலைந்துவிடும், உருக்கினாலும் பழைய ஒளி வராது. முக்கியமான சாம்பிளில் போடாதீர்கள். இனி 2 முதல் 8 டிகிரியில், வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள்.

மனிதனோட சி.டி.4-ங்கற வெள்ளணுப் புரதத்துக்கான ஆன்டிபாடி கோழி மண்ணீரல்ல ஒண்ணுமே காட்டலைங்க.
– கால்நடை மருத்துவ மாணவர், நாமக்கல்

காட்டாதுங்க தம்பி. மோனோகுளோனல் ஆன்டிபாடி புரதத்தின் ஒரே ஒரு சிறு பகுதியைத்தான் பிடிக்கும், கோழியின் சி.டி.4-ல் அந்தப் பகுதி வேறு. கோழிக்கென்றே உருவாக்கிய CT-4 என்ற குளோன் (ஒரே செல் வழியில் வரும் ஆன்டிபாடி) கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

அதே குளோன், அதே சாயம். புது லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்ததும் ஒளி குறைஞ்சிருச்சு. ஏன்?
– பேராசிரியர், சேலம்

ஓர் ஆன்டிபாடியில் எத்தனை சாய மூலக்கூறு ஒட்டியிருக்கிறது என்பது லாட்டுக்கு லாட் மாறலாம். குறைந்தால் மங்கும். அளவுக்கு மீறி ஒட்டினாலும் சாயங்கள் ஒன்றையொன்று அணைத்துவிடும், சில சமயம் பிடிமானமும் போகும். புது லாட் வந்ததும் பாதி பாதியாக நீர்க்கச் செய்து, புரதம் உள்ள செல்லும் இல்லாத செல்லும் நன்றாகப் பிரிகிற அளவைப் பிடியுங்கள். பழைய லாட்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.