பிளீச் ஊற்றியும் நாற்றம் போகவில்லையே!

கேள்வி: சிறுத்தை கெக்கோ என்ற பல்லி ஒன்று வளர்க்கிறேன். மாதம் ஒருமுறை அதன் கண்ணாடித் தொட்டியில் பிளீச் தெளித்துக் கையோடு துடைத்துவிடுகிறேன். இரண்டே நாளில் மறுபடியும் நாற்றம். கழுவியபின் அது ஓரிரு நாள் சாப்பிடுவதும் இல்லை. பினாயில் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: பினாயில் பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பினாயில் வகைகளில் இருக்கும் ஃபீனால், பைன் எண்ணெய் இரண்டுமே ஊர்வனவற்றுக்கு ஆகாதவை.

உங்கள் பிளீச்சில் குறையில்லை, வரிசைதான் தவறு. அழுக்கின்மேல் ஊற்றிய பிளீச் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமி வரை போகாது. கெக்கோ பெரும்பாலும் ஒரே மூலையில்தான் எச்சமிடும். அந்த மூலையைக் குனிந்து பாருங்கள். சுண்ணாம்பு காய்ந்தது போல வெள்ளையாக ஒட்டியிருக்கும். அது யூரிக் அமிலம். தண்ணீரில் எளிதில் கரையாது. ஈரத்துணியைக் கால் மணி நேரம் அதன்மேல் போட்டுவையுங்கள், அப்புறம் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினால் பொருக்கு பொருக்காக வரும்.

ஆக, முதலில் பல்லியைக் காற்றுத்துளை உள்ள டப்பாவுக்கு மாற்றுங்கள். விளக்கை அணைத்து ஆறவிடுங்கள். சூடான பல்பில் ஈரத்துணி பட்டு வெடித்ததை நான் ஒருமுறை பார்த்துவிட்டேன், போதும். தரையில் விரித்ததை மொத்தமாக வெளியே போட்டுவிட்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி அலசுங்கள். இதற்குப் பிறகுதான் பிளீச்சின் முறை. வாசனை சேர்க்காத பிளீச் 1 பங்குக்கு 30 பங்கு பச்சைத் தண்ணீர், அன்றன்று கலந்தது. சுவர் 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். நீங்கள் உடனே துடைத்ததுதான் பாதி வேலையைக் கெடுத்தது. வினிகரோ அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோ அதோடு சேரவே கூடாது, நச்சு வாயு வரும். பிறகு வாசனை துளியும் இல்லாதவரை அலசி, முழுக்கக் காயவிடுங்கள். கண்ணாடி இணையும் சிலிக்கோன் பசை ஓரங்களில் மூக்கை வைத்துப் பாருங்கள், கடைசியாக வாசனை தங்குவது அங்கேதான்.

மரக்கட்டை வைத்திருக்கிறீர்களா? எனக்கு அதுதான் எமனாக வந்தது. ஆரம்பத்தில் கட்டையைப் பிளீச்சில் ஊறப்போட்டேன். உறிஞ்சிக்கொண்டு ஒரு வாரம் மணத்தது. கடைசியில் தூக்கிப்போட்டேன். இப்போது மரத்தைக் கொதிக்கவைத்து வெயிலில் நாள்கணக்கில் காயவைக்கிறேன். நாற்றம் ஊறிய கட்டையோடு மல்லுக்கட்டாதீர்கள்.

சாப்பிடாததற்குக் காரணம், பெரும்பாலும் தன் வாசனை எதுவுமே இல்லாத, குளிர்ந்த இடத்தில் அதை இறக்கிவிடுவதுதான். சூடான பக்கத்துத் தரை 32 டிகிரி செல்சியஸை எட்டியபின் விடுங்கள். பல்லி நலமாக இருந்தால் அது ஒளிந்துகொள்ளும் இடங்களில் ஒன்றை மட்டும் இந்த முறை கழுவாமல் விட்டு, அடுத்த வாரம் கழுவலாம். அன்றாடம் எச்சத்தை அள்ளிவிட்டால் இந்தப் பெரிய வேலையும் அடிக்கடி தேவைப்படாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வால் மெலிந்து, எச்சம் நீர்த்துப்போனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்குப் பிளீச் எடுபடாது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் எச்சத்தோடு போங்கள்.

இதையெல்லாம் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். நன்றாக இருக்கும் பல்லியின் எச்சத்திலும் சால்மொனெல்லா இருக்கலாம். அதற்கென்று தனி வாளி, தனி பிரஷ் வையுங்கள். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கமே விடாதீர்கள்.