போர்டு வச்சா மட்டும் சட்டம் ஆயிருமா?

கேள்வி: அண்ணாச்சி, தக்கலையில இருந்து மார்த்தாண்டம் போற வழியில வேகம் 40 கி.மீ.க்கு மேல போகக்கூடாதுனு ஒரு போர்டு பாத்தேன். இந்த 40ஐ யாரு முடிவு பண்றா? போலீஸ்காரர் கண்ணால பாத்து 'வேகமா வந்த'னு சொன்னா ஃபைன் கட்டணுமா?

பதில்: நல்ல கேள்வி தம்பி. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 112வது பிரிவுதான் இதுக்கு அடிப்படை. எந்த வண்டி அதிகபட்சம் எவ்வளவு வேகம் போலாம்னு மத்திய அரசு அறிவிக்கும், அதுக்குள்ள, ரோடோ பாலமோ இருக்கிற நிலைமைய பாத்து மாநில அரசு இன்னும் குறைக்கலாம், ஆனா கெஜட்ல, அதாவது அரசிதழ்ல, போடணும், அந்த இடத்துல போர்டும் வைக்கணும். ரோடு வேலை மாதிரி ஒரு மாசத்துக்கு உள்ள முடியுற கட்டுப்பாடுன்னா கெஜட் வேண்டாம்.

ரெண்டாவது கேள்விக்கு 183வது பிரிவ பாருங்க, ஒரே ஒரு சாட்சி 'வேகமா வந்ததா எனக்குத் தோணுச்சு'னு சொல்றத மட்டும் வச்சு தண்டிக்க முடியாது, அது வேகத்த அளக்குற ஸ்பீடு கன் மாதிரி ஒரு கருவி காட்டின கணக்கா இருக்கணும். கேமரால மாட்டினா 15 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும்னு 2021ல வந்த விதி சொல்லுது. காருக்கு அபராதம் 1000ல இருந்து 2000 வரை, திரும்பவும் மாட்டினா லைசென்ஸையே புடிச்சு வைக்கலாம்.

ஆனா தம்பி, கேரளா எல்லைல இருக்கிற களியக்காவிளை வரைக்கும் ரோட்டோரம் பூரா வீடும் கடையும் ஸ்கூலும்தான, கேமரா இல்லாத இடத்துலயும் 40ன்னா 40லயே போங்க.