வீட்டிலும் சாலையிலும் எரிசக்திச் சிக்கனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செல்போன் சார்ஜரைக்கூட வேலை முடிந்ததும் கழற்றிவிடுகிறோம், ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிவதில்லை. இருந்தும் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறதே, ஏன்?
(பாளையங்கோட்டை வாசகி)

பதில்: தங்கள் வீட்டில் அக்கறைக்குக் குறைவில்லை; அந்த அக்கறை சிறிய செலவுகளின் மேல் சென்றுகொண்டிருக்கிறது. 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆகவே ஒரு சாதனத்தின் வாட் அளவையும் அது நாள்தோறும் ஓடும் நேரத்தையும் பெருக்கிப் பார்த்தால்தான் மின்சாரம் எங்கே போகிறது என்பது விளங்கும். சும்மா மாட்டியிருக்கும் சார்ஜர் இழுப்பது மிகச் சொற்பம்.

நம் பக்கத்து வெயிலில் மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் ஓய்வில்லாமல் சுற்றுவது மின்விசிறிதான். பழைய சீலிங் ஃபேன் ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட், இரண்டு மாதத்தில் 72 யூனிட். அத்தகைய விசிறிகள் மூன்று இருந்தால் 200 யூனிட்டுக்கு மேல் அவற்றுக்கே போய்விடும். பிஎல்டிசி எனப்படும் புதிய வகை விசிறி முழு வேகத்திலும் சுமார் 30 வாட்தான் எடுக்கிறது. அதே 16 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 29 யூனிட் ஆகும். எல்லா விசிறிகளையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லமாட்டேன். பகலும் இரவும் ஓடுகிற ஒன்றை முதலில் மாற்றுங்கள். பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர், வேகத்தைக் குறைத்தாலும் மிச்சப்பட வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தானே சூடாகி வீணாக்கிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்தாலும் சுவரிலுள்ள சுவிட்சை அணைக்கும்வரை அது மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். 10 வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்தில் 14 யூனிட். குளிர்சாதனப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் சற்று முன்னே இழுங்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, அது தடையின்றி வெளியே வந்தால் ரப்பர் பட்டை தளர்ந்துவிட்டது என்று பொருள்.

தற்போதைய கட்டண முறையில் 500 யூனிட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய குறைந்த விலை கிடைக்காமல் போய்விடுகிறது. எனவே 510 யூனிட்டை 490 ஆகக் குறைப்பவருக்கு அந்த 20 யூனிட்டின் விலையோடு, 101 முதல் 200 வரையிலான அந்த 100 யூனிட்டிலும் பணம் மிஞ்சும். தங்களுக்கு ஒரு விசிறியும் ஒரு சுவிட்சுமே போதுமானவையாக இருக்கலாம்.

கேள்வி: ஏசியை 18-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும், பிறகு அணைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சரியா?
(மகாராஜநகர் வாசகர்)

பதில்: சரியில்லை. சாதாரண ஏசியின் கம்ப்ரசர் ஓடும்போது 18 என்று வைத்தாலும் 24 என்று வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 18-ஐ எட்ட முயன்று நிற்காமல் ஓடுவதுதான் மிச்சம். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் குறையும் என்று மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020 ஜனவரி முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படியே விற்கப்படுகின்றன. 26-இல் வைத்து விசிறியை மெதுவாக ஓட விடுங்கள். அறைக்கு மேல் மொட்டை மாடியானால் தளத்துக்கு வெள்ளை பூசுவது நல்ல முதலீடு.

கேள்வி: மாடித் தொட்டி நிறைய முன்பைவிட அதிக நேரம் ஆகிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா?
(மேலப்பாளையம் வாசகர்)

பதில்: அவசரப்பட வேண்டாம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். அரை மணி நேர வேலை ஒரு மணி நேரமானால் செலவு அப்படியே இரட்டிக்கும். முதலில், நீரை உறிஞ்சும் குழாயின் அடிநுனியில் இருக்கும் புட் வால்வைப் பாருங்கள். அது கசிந்தால் குழாயில் ஏறிய தண்ணீர் திரும்ப இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் மோட்டார் காற்றையே இழுத்துக்கொண்டிருக்கும். கழிப்பறைத் தொட்டியிலும் குழாய்களிலும் சொட்டும் நீர் ஒவ்வொன்றும் மேலே ஏற்றப்பட்ட நீர்தான் என்பதால், ஒரு வாஷர் மாற்றுவதும் மின் சிக்கனமே.

கேள்வி: சிலிண்டர் முன்போல நாள் வருவதில்லை.
(அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: சுடர் நீலமாக எரிகிறதா என்று பாருங்கள், மஞ்சளாக இருந்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும். சுடர் பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறக்கூடாது. பருப்பையும் கடலையையும் ஊறவைத்துக் குக்கரில் ஏற்றி, முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். கொதி வந்தபின் பெரிதாக எரிப்பதால் உணவு விரைவில் வெந்துவிடாது, நீர்தான் ஆவியாகும்.

கேள்வி: பணகுடி, இராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள், அருகிலேயே கூடங்குளம். நாம் ஏன் சிக்கனம் பார்க்க வேண்டும்?
(வள்ளியூர் வாசகர்)

பதில்: நம் கண்ணெதிரே உற்பத்தியாகும் மின்சாரம் நமக்கென்று தனியே நிற்பதில்லை. கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலைகள் இரண்டிலிருந்தும் வருவது தென் மாநிலங்களுக்குப் பங்கிடப்படுகிறது. காற்றாலைகளோ வைகாசி முதல் புரட்டாசி வரையிலான தென்மேற்குப் பருவக் காற்றில் நன்றாகச் சுழன்றுவிட்டு, மற்ற மாதங்களில் பெரிதும் தணிந்துவிடும். 1944 முதல் இயங்கும் பாபநாசம் நீர்மின் நிலையத்துக்கும் அணையில் நீர் வேண்டும். தேவை உச்சத்தில் இருக்கும் மாலை வேளையில் காற்றும் இல்லாவிட்டால் நிலக்கரியைத்தான் கூடுதலாக எரிக்க வேண்டும். சேமிப்பதோடு நேரத்தையும் மாற்றுங்கள்: மோட்டார், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைச் சூரிய மின்சாரம் தாராளமாக வரும் பகல் பொழுதில் போடுங்கள்.

கேள்வி: தினமும் பைக்கில் திருநெல்வேலிக்கு வேலைக்கு வருகிறேன். ஆனி, ஆடியில் பெட்ரோல் அதிகம் செலவாவதாகத் தோன்றுகிறது. வண்டியில் கோளாறா?
(ஆலங்குளம் வாசகர்)

பதில்: வண்டியைவிடக் காற்றின் பங்கு இதில் பெரிதாக இருக்கக்கூடும். அந்த மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று காலையில் தங்களைப் பின்னிருந்து தள்ளும்; மாலையில் வீடு திரும்பும்போது முகத்துக்கு நேரே வீசும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், எதிர்காற்றில் 70 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்து நிறுத்த இஞ்சின் பெரும்பாடு படும். மாலையில் 45 முதல் 50-க்குள் ஓட்டிப் பாருங்கள். வீடு சேரச் சில நிமிடம் தாமதமாகலாம், செலவில் வித்தியாசம் தெரியும். வண்ணார்பேட்டை போன்ற நெரிசலில் நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் இஞ்சினை அணைத்துவிடுங்கள். கிளட்சை அரைகுறையாகப் பிடித்தபடி ஊர்ந்து செல்வது எரிபொருளுக்கும் கேடு, கிளட்ச் தகட்டுக்கும் கேடு. இந்தத் தடத்தில் பேருந்துகளுக்குக் குறைவில்லை என்பதால், காற்று கடுமையான நாள்களில் அவற்றையும் யோசிக்கலாம். டயர் காற்றழுத்தத்தை ஓடிச் சூடேறிய பின் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். ஆகவே வாரம் ஒரு முறை காலையில் புறப்பட்டதும் ஊருக்குள்ளேயே, வண்டியில் ஒட்டியுள்ள வில்லையில் குறித்த அளவுக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள்.