யூரியா மலிவு, டிஏபி விலை அதிகம்: குத்தகை விவசாயி என்ன செய்வது?

கேள்வி: திருவாரூர் பக்கம் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நடுகிறேன். யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட் உரம்) 1,350 ரூபாய். டிஏபியைப் பாதியாகக் குறைத்து யூரியாவைக் கூட்டிப் போட்டால் செலவு மிச்சமாகுமா? உர மானியத்தைப் பணமாகவே கணக்கில் போட வேண்டும் என்று பேசுகிறார்களே, அப்படி வந்தால் எனக்குக் கிடைக்குமா?

பதில்: மூட்டை விலையை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் சத்தின் கிலோ விலையைக் கணக்கிடுங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்). கிலோவுக்கு 13 ரூபாய் கூட வராது. 50 கிலோ டிஏபியில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இருக்கின்றன. அந்த 9 கிலோவை யூரியா விலைக்கே கழித்தால் 116 ரூபாய் போகும். மீதி 1,234 ரூபாய் மணிச்சத்துக்கு. கிலோ ஏறக்குறைய 54 ரூபாய். தழைச்சத்தைப் போல நான்கு மடங்கு.

இந்த ஏற்றத்தாழ்வு 2010 ஏப்ரலில் தொடங்கியது. அன்று முதல் மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாசியம்) உரங்களுக்கு ஒரு கிலோ சத்துக்கு இவ்வளவு மானியம் என்று வரையறுத்து, விற்பனை விலையை நிறுவனங்களிடம் விட்டார்கள். யூரியாவை மட்டும் அந்தத் திட்டத்துக்குள் கொண்டுவரவில்லை. அதன் விலையை மத்திய அரசே கட்டிவைக்கிறது. உற்பத்திச் செலவு எவ்வளவு ஏறினாலும் வித்தியாசம் முழுவதும் அரசின் தலையில். டிஏபி விலை எகிறும்போது தனியாகப் பணம் ஒதுக்கி 1,350-இல் நிறுத்திவைக்கிறார்கள். மானியத்தைக் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. ஒரு சத்தை மட்டும் மலிவாக்கி, விவசாயியின் கையை அந்தப் பக்கமே இழுத்ததுதான் பிழை.

வயலுக்கு வருவோம். நடுத்தர, நீண்ட வயது நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை 150, மணி 50, சாம்பல் 50 கிலோ. ஏக்கருக்கு 60:20:20. மணிச்சத்து 20 கிலோவுக்கு டிஏபி 43.5 கிலோ போதும். அதிலேயே தழைச்சத்து 8 கிலோ வந்துவிடுகிறது. மீதி 52 கிலோவுக்கு யூரியா 113 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை. சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் 33 கிலோ.

டிஏபி முழுவதும் கடைசி உழவில் அடியுரமாகப் போக வேண்டும். அதோடு யூரியா 15 கிலோ. பிறகு தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என மூன்று முறை 33 கிலோ வீதம் யூரியா. பொட்டாஷை நான்கு தடவைக்கும் எட்டு எட்டு கிலோவாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

டிஏபியைப் பாதியாக்கினால் ஏக்கருக்கு 590 ரூபாய் அளவுக்கு மிச்சம். ஆனால் மணிச்சத்து குறைந்த பயிர் வெளுக்காது. இலை ஒடுங்கி, விறைத்து, கரும்பச்சையாக நிற்கும். பார்ப்பவருக்கு நல்ல பயிர் போலத் தெரியும். தூர் கட்டாமல் போனது அறுவடையில்தான் புரியும். அந்த இடத்தில் யூரியாவைக் கூட்டினால் தழை மண்டி, புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் பயிர் சாயும். மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாக மருந்துக் கடைக்குக் கொடுக்க நேரும்.

டிஏபியைக் குறைக்க நியாயமான வழி ஒன்று உண்டு: மண் பரிசோதனை. அறிக்கையில், பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தால் அது ‘அதிகம்’ என்ற வகை. அப்போது எவ்வளவு குறைக்கலாம் என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் அறிக்கையைக் காட்டிக் கேளுங்கள். டிஏபி கிடைக்காவிட்டால் சூப்பர் பாஸ்பேட் ஏக்கருக்கு 125 கிலோ போடலாம். கந்தகச் சத்தும் சேர்ந்து வரும். அப்போது யூரியா மொத்தம் 130 கிலோ தேவைப்படும்.

யூரியாவை மிச்சம் பிடிக்க, இலையின் நிறத்தை எண்ணிட்ட பச்சைப் பட்டைகளோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டை நல்ல கருவி. நட்ட 14ஆம் நாள் முதல் வாரம் ஒரு முறை பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. நிறம் அதற்குக் கீழே போனால் மட்டும் மழைக்காலத்தில் ஏக்கருக்கு 26 கிலோ யூரியா. இந்த முறைக்குப் போனால் மேலே சொன்ன 33 கிலோ கணக்கை விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

இனி மானியம். ‘நேரடி மானியம்’ என்று இப்போது சொல்வது உங்கள் கைக்கு வரும் பணம் அல்ல. கடையில் பிஓஎஸ் கருவியில் உங்கள் கைரேகை பதிந்து உரம் விற்ற பிறகு, மானியம் உர நிறுவனத்துக்குப் போகிறது. 2018 மார்ச்சுக்குள் நாடு முழுவதும் வந்த முறை இது. இதில் குத்தகைக்காரருக்கு ஒரு நன்மை இருக்கிறது: பட்டா கேட்க மாட்டார்கள், ஆதார் போதும். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். யூரியா வேண்டுமென்றால் இன்னொரு பொருளையும் வாங்கு என்று கட்டாயப்படுத்தினால் வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

பணமாக மாற்றினால் முதல் கேள்வி, யார் விவசாயி என்பது. மத்திய அரசின் பிஎம் கிசான் உதவித்தொகைத் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. நில உரிமை பெயரில் இருப்பவருக்குத்தான். தெலங்கானாவின் ரைத்து பந்து உதவித்தொகையும் நில உடைமையாளருக்கே போனது. ஒடிசாவின் காலியா உதவித்தொகைத் திட்டமோ குத்தகை, பங்குச் சாகுபடியாளரையும் நிலமற்றவரையும் சேர்த்துக்கொண்டது. உர மானியமும் பட்டாவை வைத்துப் போனால், உரத்தை முழு விலைக்கு வாங்குவது நீங்கள், பணம் பெறுவது நிலக்காரர் என்றாகிவிடும். மூட்டைக்கு 1,000 ரூபாய் ஏறினாலே உங்கள் மூன்று ஏக்கருக்கு யூரியாவில் மட்டும் 7,500 ரூபாய் கூடுதல்.

ஆகவே சீர்திருத்தத்தில் வரிசை முக்கியம். முதலில் உழுபவரின் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். அடுத்து யூரியாவையும் சத்து அடிப்படை மானியத்துக்குள் கொண்டுவந்து, சில ஆண்டுகளில் படிப்படியாக விலையைச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு முறை விலை ஏறும் முன்பும், விதைப்புக்கு முன்பே பணம் கணக்கில் விழ வேண்டும். பணம் பின்னால் வரும் என்றால் இடையில் வட்டிக்கு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

நீங்கள் இப்போதே செய்யக்கூடியது உங்கள் சாகுபடிக்குச் சான்று சேர்ப்பது. கிராம நிர்வாக அலுவலரிடம், எந்த நிலத்தில் யார் என்ன பயிரிடுகிறார் என்று பதியும் சாகுபடி அடங்கலில் உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பெயரைப் பதியவும் வழி உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் நிலக்காரர் பலர் இதற்கு இணங்குவதில்லை. அப்படியானால் குத்தகை ரசீதையாவது ஒவ்வொரு போகமும் எழுதி வாங்குங்கள். கோயில் நிலமானால் கோயில் ரசீது. சம்பா பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரரும் சேரலாம். பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும் என்பதால் அடங்கலை நடவு முடிந்த வாரமே வாங்கிவிடுங்கள்.