சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் பாதியில் நிறுத்த முடியாதது ஏன்? கம்பெனிகள் வேண்டுமென்றே ஏதாவது கலக்கிறார்களா?

வேண்டுமென்றுதான் அப்படித் தயாரிக்கிறார்கள். ஆனால் பலரும் நினைப்பதுபோல் ரகசிய மருந்து எதையும் கலக்கத் தேவையில்லை. உப்பு, சர்க்கரை, பாமாயில், மாவு, கொஞ்சம் மசாலாத் தூள் போதும். நான் சில வருடங்கள் ஒரு நொறுக்குத்தீனி கம்பெனியின் டிஸ்ட்ரிபியூட்டரிடம் லைன் சேல்ஸ்மேனாக, அதாவது கடை கடையாகப் போய் ஆர்டர் எடுப்பவனாக, இருந்தவன். தயாரிப்பு பற்றிச் சொல்வது படித்தது, விற்பனை பற்றிச் சொல்வது கண்ணால் பார்த்தது.

எந்த இனிப்பானாலும் ஓர் அளவு வரை பிடிக்கும், தாண்டினால் திகட்டும். அந்த அளவு எது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துத் தருவதையே தொழிலாகச் செய்தவர் ஹோவர்ட் மாஸ்கோவிட்ஸ் என்ற அமெரிக்கர். ஹார்வர்டில் உளவியல் படித்தவர், முன்பு அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடத்தில் சிப்பாய்களின் சாப்பாட்டை ஆராய்ந்தவர். 2004இல் டாக்டர் பெப்பர் குளிர்பானத்தின் ஒரு புது ரகத்துக்காக அவர் தயார் செய்தது 61 கலவைகள். ஆட்களை உட்கார வைத்துக் கிட்டத்தட்ட 4,000 முறை ருசி பார்க்கச் சொல்லித்தான் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம் நாம் ஒரு மடக்கு குடித்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்கிறோம்.

சத்தத்தைக்கூட விடவில்லை. 2004இல் வெளியான ஓர் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், சிப்ஸைக் கடிக்கும் ஓசையை ஹெட்ஃபோனில் கூட்டிக் கேட்க வைத்தபோது, அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாக மக்கள் சொன்னார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் சுவையைவிட முக்கியமானது சாப்பிடும் வேகம். 2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். 20 பேரை நான்கு வாரம் ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் தொழிற்சாலையில் பெரிதும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பதப்படுத்திய உணவு கொடுத்த நாட்களில் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இரண்டு வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ எடை ஏறியது, மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. 'எது ருசி?' என்று கேட்டால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் போட்டார்கள்! ஆனால் பதப்படுத்தியதை வேகவேகமாகச் சாப்பிட்டிருந்தார்கள். காரணம் அது ஒன்றுதான் என்று அந்தச் சோதனை நிரூபித்துவிடவில்லை. ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த வேகத்தைத்தான்.

'நம் முறுக்கும் எண்ணெயும் உப்பும்தானே?' என்று கேள்வியின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். சரிதான். ஆனால் கை முறுக்கு நாலு தின்றால் தாடை வலிக்கும், தண்ணீர் கேட்கும், ஒரு இடைவெளி விழும். சோளக் குருணையை எக்ஸ்ட்ரூடர் என்ற இயந்திரத்தில் சூட்டோடு அழுத்தித் தள்ளிப் பொரிய வைக்கும் பஃப் வகைகளில் அந்த இடைவெளியே கிடையாது. நாக்கில் வைத்ததும் கரைந்துவிடும். கரைந்துவிட்டதால் பெரிதாக எதுவும் தின்னவில்லை என்று மூளை நினைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்கும் என்பது உணவு விஞ்ஞானி ஸ்டீவன் விதர்லியின் விளக்கம்.

இனி என் பக்கம். எங்களுக்கு மாத டார்கெட்டில் பாதிக்கு மேல் ஐந்து ரூபாய் பாக்கெட்டில்தான் ஓடும். ஐந்தை ஆறாக்க முடியாது, ஏனென்றால் பையன் கையில் இருப்பது ஒற்றை நாணயம். அதனால் எண்ணெய் விலை ஏறினால் பாக்கெட்டில் கிராம் குறையும், காற்று அப்படியே இருக்கும். பாக்கெட் சரத்தைக் கடையில் எங்கே மாட்ட வேண்டும் என்பதற்கே பயிற்சி கொடுத்தார்கள்: கல்லாவுக்கு முன்னால், மூன்றடி உயரத்தில், குழந்தையின் கைக்கு எட்டுகிற மாதிரி. என் லைனில் ஒரு அண்ணாச்சிக்கு அந்தப் பயிற்சியே தேவைப்படவில்லை. "தம்பி, உள்ள மாட்டுனா பெரியவங்க கண்ணுலதான் படும், அவங்க வாங்கவா போறாங்க?" என்று அவரே ஆணியை இறக்கி அடித்தார். பத்துச் சரம் எடுத்தால் ஒன்று இலவசம் என்று ஸ்கீம் விட்டால், பள்ளி திறக்கும் வாரத்தில் ஸ்டாக் நிற்காது. உள்ளே ஸ்டிக்கரோ பொம்மையோ வந்துவிட்டால் பிள்ளைகள் பிரித்துப் பார்ப்பதற்காகவே வாங்குவார்கள்.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி சொல்கிறது. எங்கள் தெருப் பள்ளிக்கு நேர் எதிரே இன்றைக்கும் சரம் தொங்குகிறது.

இதெல்லாம் நம் ஊரில் முளைத்த யோசனை இல்லை. மார்ல்பரோ சிகரெட் கம்பெனியான பிலிப் மாரிஸ் 1985இல் ஜெனரல் ஃபுட்ஸையும் 1988இல் கிராஃப்ட்டையும் வாங்கியது. டேங், கூல்-எய்ட் போன்ற பானங்கள் அப்படித்தான் அதன் கைக்கு வந்தன. வழக்குகளால் வெளியே வந்த புகையிலைக் கம்பெனிகளின் உள் ஆவணங்களை கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்தார்கள். சிகரெட் விற்கப் பழகிய சுவை, நிற, விளம்பர உத்திகளைக் குழந்தைகளின் சர்க்கரைப் பானங்களுக்குத் திருப்பியது அதில் தெரிந்தது. சிகரெட் போல இதையும் 'அடிமையாக்கும் பொருள்' என்று சொல்லலாமா என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. விற்றவர்களுக்கு அந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

சிலி நாடு 2016இல் இத்தகைய பாக்கெட்டுகளின் முகப்பில் கருப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது, காலை உணவு டப்பாக்களில் இருந்த கார்ட்டூன் புலியையும் அட்டையிலிருந்து விரட்டியது. நம் ஆணையம் 2022இல் என்ன வரைவு கொண்டுவந்தது தெரியுமா? எச்சரிக்கைக்குப் பதில் நட்சத்திரம். அதில் இருப்பதிலேயே மோசமான பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் உண்டு!

'மல்டிகிரெய்ன்' (பல தானியம்) என்று போட்டதை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொருட்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகத்தான் அச்சடிக்க வேண்டும். முதல் மூன்று இடத்தில் மைதாவோ அரிசி மாவோ, எண்ணெய், சர்க்கரை என்று வந்து, ராகி கடைசி வரியில் ஒன்றிரண்டு சதவீதத்தோடு நின்றால், முகப்பில் இருக்கும் கதிர்ப் படத்துக்குத்தான் கூடுதல் காசு கொடுக்கிறீர்கள்.